கேப்டன் பீலும் லக்னோவின் இரண்டு மரங்களும்

வில்லியம் பீல் பதின்மூன்று வயதில் கப்பலேறினார். இருபத்து நான்கில் கேப்டன் ஆனார். முப்பத்து மூன்றில் கான்பூரில் பெரியம்மை கண்டு இறந்தார். இடைப்பட்ட இருபது ஆண்டுக்குள் பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி என்று மூன்று அரசுகளின் விருதுகள் அவர் பெயரோடு சேர்ந்துவிட்டன. விக்டோரியா மகாராணி காலத்துக் கடற்படையில் ஒருவர் எவ்வளவு வேகமாக மேலே வர முடிந்தது, அந்தப் பெருமைகள் எந்த மண்ணில் யாரை எதிர்த்து ஈட்டப்பட்டன என்பதை அறிய விரும்புகிறவர்கள் அவர் வாழ்க்கையைப் படித்தாலே போதும். அதன் முக்கியமான பகுதி நடந்தது இந்தியாவில்தான்.

அப்பா சாதாரண ஆள் இல்லை. 1829-இல் லண்டன் மாநகரக் காவல் படையை உருவாக்கியவர், இரண்டு முறை பிரதமராக இருந்தவர், சர் ராபர்ட் பீல். அவருடைய மூன்றாவது மகனாக 1824 நவம்பர் 2-ஆம் தேதி பிறந்த வில்லியம், ஹாரோ பள்ளியில் படித்துவிட்டு 1838-இல் கடற்படையில் சேர்ந்தார். அன்றைய கடற்படையில் சிபாரிசு இல்லாத லெப்டினென்ட்டுகள் நரைத்த தலையோடு அதே பதவியில் காத்துக்கிடந்தார்கள். கேப்டன் பட்டியலில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் போதும். அதன் பிறகு முன்னவர்கள் ஓய்வு பெறவும் இறக்கவும், வரிசைப்படி அட்மிரல் பதவி தானாக வந்து சேரும். ஆகவே எத்தனை வயதில் கேப்டன் ஆகிறோம் என்பதுதான் ஒருவருடைய எதிர்காலத்தையே தீர்மானித்தது. 1849-இல் பீல் அந்தப் பட்டியலில் ஏறியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. பிரதமரின் மகன் என்பது உதவவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. பதினாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள், 1840 நவம்பர் 3-இல், பாலஸ்தீனக் கரையில் ஏக்கர் கோட்டை மீது நடந்த குண்டுவீச்சில் அவர் இருந்த கப்பல் பங்கெடுத்தது. அடுத்து சீனாவில் முதலாம் அபினிப் போர். திரும்பி வந்து போர்ட்ஸ்மத்தில் எக்ஸலன்ட் கப்பலில் இயங்கிய பீரங்கிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, தேர்வில் எல்லோரும் வியக்கும்படி தேறினார். 1845-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் நிலம் பிரிட்டனுக்கா அமெரிக்காவுக்கா என்ற தகராறு முற்றியபோது, அங்குள்ள குடியேற்றங்களை நேரில் பார்த்துவர அனுப்பப்பட்டவர்களில் இருபது வயது லெப்டினென்ட் பீலும் ஒருவர். பார்த்ததை அறிக்கையாக எழுதிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். அப்போது பிரதமர் அவருடைய அப்பாதான். 1846-இல் 49-ஆம் அட்சரேகையை எல்லையாக வைத்து அந்தத் தகராறு தீர்க்கப்பட்டது.

1850-இல் ராபர்ட் பீல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அந்தக் காலகட்டத்தில் வில்லியம், ஜோசப் சூரி என்ற லெபனான் நாட்டு மரோனைட் கிறிஸ்தவரிடம் அரபி கற்றுக்கொண்டிருந்தார். இருவரும் எகிப்து, சினாய், ஜெருசலேம் போய்வந்தார்கள். பிறகு நைல் வழியாக கார்ட்டூம் வரைக்கும், அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து அல் உபய்யித் வரைக்கும் பயணம் செய்து, காய்ச்சலில் விழுந்து, பிழைத்துத் திரும்பினார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி 1852-இல் பீல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆசிரியராக வந்த சூரியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

அதற்குள் கிரிமியாவில் போர் மூண்டது. 1854 செப்டம்பரில் ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களில் சிலவற்றைத் தாங்களே மூழ்கடித்து செவஸ்தபோல் துறைமுக வாயை அடைத்துவிட்டார்கள். எதிரிக் கப்பல்கள் வெளியே வரப்போவதில்லை. பிரிட்டிஷ் கப்பல்கள் உள்ளே போகவும் வழியில்லை. தரையில் நின்ற ராணுவத்துக்கோ கனரகப் பீரங்கிகள் போதவில்லை. கப்பல் பீரங்கிகளைக் கழற்றி இறக்கி, மாலுமிகளே மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அப்படி உருவானதுதான் அந்தப் போரின் கடற்படைப் பிரிகேட். டயமண்ட் கப்பலின் கேப்டனான பீல் தன் ஆட்களோடு கரையிறங்கி, அந்தக் கப்பல் பெயரிலேயே ஒரு பீரங்கி மேடையை நடத்தினார்.

அக்டோபர் 18-ஆம் தேதி, வெடிமருந்துப் பெட்டிகள் குவிந்து கிடந்த இடத்தின் நடுவே ரஷ்யக் குண்டு ஒன்று வந்து விழுந்தது. அந்தக் காலத்துக் குண்டு விழுந்தவுடன் வெடிக்காது. உள்ளே மருந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திரி. திரி எரிந்து முடிகிற வரை சில நொடிகள் இருக்கும். அந்தச் சில நொடிக்குள் பீல் குண்டைக் கையில் எடுத்து மதிலுக்கு வெளியே வீசினார். அவர் கையை விட்ட கணமே அது வெடித்தது. நவம்பர் 5-இல் இன்கர்மேன் சண்டையில், சூழப்பட்டுக்கொண்டிருந்த கார்ட்ஸ் காலாட்படை அதிகாரிகளோடு சேர்ந்து அவர்களுடைய கொடியைக் காத்தார். 1855 ஜூன் 18-இல் ரெடான் அரண் மீதான தாக்குதலில், மதிலேற ஏணி சுமந்த மாலுமிகளுக்கு முன்னால் போய்க் கையில் குண்டடிபட்டார்.

அந்த ஏணிக் கூட்டத்தில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். இருவரும் மிட்ஷிப்மேன்கள், பீலின் உதவியாளர்கள். ஒருவர் பதினெட்டு வயது எட்வர்ட் செயின்ட் ஜான் டேனியல். குண்டு மழைக்கு நடுவே பீலின் கையில் கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தியவர் அவர். மற்றவர் பதினேழு வயது ஈவ்லின் உட். அவரும் அன்று காயப்பட்டார். பிற்காலத்தில் உட் எழுதிய நினைவுகளில் பீலின் உருவம் நன்றாகத் தெரிகிறது. குண்டுகள் பறக்கிற இடத்தில் பீல் குனிய மாட்டார், ஓட மாட்டார். தோளை விரித்து, தலையை நிமிர்த்தி, நிதானமாக நடப்பார். சுற்றியிருந்த மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் நின்றார்கள்.

விக்டோரியா கிராஸ் என்ற விருது 1856 ஜனவரியில் ஏற்படுத்தப்பட்டது. அதுவரை பெரிய அதிகாரிகளுக்கு பாத் விருது கிடைக்கும். கடைநிலை மாலுமிக்குப் பெரும்பாலும் போருக்குப் போனதற்கான பொதுப் பதக்கம்தான் கிடைக்கும். புதிய விருதில் பதவி வேறுபாடு கிடையாது. கேப்டனுக்கும் கலாசிக்கும் அதே வெண்கலச் சிலுவைதான். ராணுவத்தாருக்குச் சிவப்பு ரிப்பன், கடற்படையாருக்கு நீல ரிப்பன் என்பது மட்டுமே வித்தியாசம். 1918 வரை அப்படித்தான் இருந்தது. 1857 பிப்ரவரி 24-இல் அரசிதழில் வந்த முதல் பட்டியலில் பீல் பெயரும் டேனியல் பெயரும் இருந்தன. பீலுக்கு மேலே சொன்ன மூன்று செயல்களும் தேதியோடு குறிக்கப்பட்டன. அதே பட்டியலில் இருந்த சார்லஸ் லூகாஸ் என்ற அயர்லாந்துக்காரரும் பால்டிக் கடலில் தன் கப்பல் தளத்தில் விழுந்த எரிகுண்டைத் தூக்கிக் கடலில் எறிந்தவர். அந்த விருதைப் பெற்றுத்தந்த செயல்களில் காலத்தால் முந்தியது அதுதான்.

அந்த ஜூன் மாதம் ஹைட் பார்க்கில் 62 பேருக்கு மகாராணி தன் கையால் சிலுவையைக் குத்திவிட்டபோது பீல் அங்கே இல்லை. ஷானன் என்ற புத்தம் புதிய நீராவிப் போர்க்கப்பலோடு மார்ச் மாதமே சீனாவுக்குக் கிளம்பிவிட்டார். இங்கிலாந்தில் அவர் விட்டுச் சென்றவற்றில் ஒரு சின்ன ரயில் பாதையும் உண்டு. பெட்ஃபர்ட்ஷயரில் தான் வாங்கிய நிலங்களின் வழியே சாண்டி, பாட்டன் என்ற இரண்டு ஊர்களை இணைக்க, சொந்தப் பணத்தில் சுமார் ஐந்தரை கிலோமீட்டர் பாதை போட்டிருந்தார். அது திறக்கப்பட்டபோதும் அவர் ஊரில் இல்லை. அதில் ஓடிய குட்டி எஞ்சினுக்கு ஷானன் என்றே பெயர் வைத்தார்கள். அந்த எஞ்சின் இன்னும் டிட்காட் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சீனாவில் இரண்டாம் அபினிப் போருக்கு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவை ஏற்றிக்கொண்டு போனது ஷானன் கப்பல். வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும், எல்ஜின் அந்தக் கப்பலைக் கல்கத்தாவுக்குத் திருப்பினார். 1857 ஆகஸ்டில் ஷானன் ஹூக்ளி ஆற்றில் நங்கூரமிட்டது. ராணுவத்துக்கு மறுபடியும் அதே குறைதான்: கனரகப் பீரங்கி இல்லை. பீல் கப்பலின் எட்டு அங்குலப் பீரங்கிகளைக் கழற்றினார். ஒவ்வொன்றும் மூன்று டன்னுக்கு மேல். அவற்றையும் சுமார் நானூறு மாலுமிகளையும் தட்டைப் படகுகளில் ஏற்றி, ஆற்று நீராவிப் படகின் பின்னால் கட்டி, மழைக்காலக் கங்கையின் எதிர் நீரோட்டத்தில் அலகாபாத் வரை கொண்டுசென்றார். வாரக்கணக்கில் ஆன பயணம் அது. அங்கிருந்து பாதையெல்லாம் மாடுகள் இழுத்தன. மாடுகள் மறுத்த இடங்களில் மாலுமிகளே வடம் பிடித்தார்கள்.

நவம்பர் 1-ஆம் தேதி பதேபூருக்கு அருகே கஜுவா என்ற இடத்தில் சண்டை. 1659-இல் ஔரங்கசீப் தன் அண்ணன் ஷா ஷுஜாவை முறியடித்த அதே களம். படைத்தலைவர் கர்னல் பவல் ஆரம்பத்திலேயே விழுந்துவிட, தரைப்படைக்குக் கட்டளையிடும் பொறுப்பு கடற்படை கேப்டன் தலையில் வந்தது. பீல் சண்டையை வென்றுகொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து லக்னோ. ஆவத் அரசைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856-இல் விழுங்கியிருந்தது. பேகம் ஹஸ்ரத் மஹல் தன் மகன் பிர்ஜிஸ் கத்ரை அரியணையில் வைத்துப் போரை நடத்திக்கொண்டிருந்தார். பிரிட்டிஷ் ரெசிடென்ட் வசித்த ரெசிடென்சி வளாகத்தில் பிரிட்டிஷார் முற்றுகைக்குள் கிடந்தார்கள். செப்டம்பரில் தளபதிகள் ஹேவ்லாக்கும் அவுட்ரமும் உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள், ஆனால் வெளியே வர முடியவில்லை. தலைமைத் தளபதி காலின் கேம்பெல் இரண்டாவது மீட்புப் படையோடு நவம்பர் 16-ஆம் தேதி கிழக்குப் பக்கமாக நெருங்கினார். வழியில் முதலில் சிக்கந்தர் பாக், உயர்ந்த மதில் சூழ்ந்த தோட்டம். அதைத் தாண்டினால் ஷா நஜஃப், ஆவத்தின் முதல் பாதுஷாவான காஜியுத்தீன் ஹைதரின் கல்லறை.

சிக்கந்தர் பாக்கில் ஓட்டை போட்டு நுழைந்த படை, தப்ப வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்ட சிப்பாய்களைக் கொன்று தீர்த்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அடுத்த ஆண்டு புகைப்படக்காரர் ஃபெலிச்சே பியட்டோ வந்து எடுத்த படத்தில், சிதைந்த மண்டபத்தின் முன் தரையெங்கும் எலும்புகள் கிடக்கின்றன. 1857 பற்றிய எந்தப் பேச்சிலும் அந்தப் படத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பதக்கங்களை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது.

பிற்பகலில் ஷா நஜஃப். பீல் தன் கனரகப் பீரங்கிகளை மதிலுக்குச் சில கஜ தூரம் வரை தள்ளிக்கொண்டு போனார். முற்றுகைப் பீரங்கியை நூற்றுக்கணக்கான கஜம் தள்ளி நிறுத்துவதுதான் ராணுவ வழக்கம். எதிரிக் கப்பலின் விலாவோடு தன் கப்பலை ஒட்டி நிறுத்துவதுபோல் பீல் நடந்துகொண்டார் என்று கேம்பெல் தன் அறிக்கையில் வியந்து எழுதினார். மதிலுக்கு மேலிருந்து துப்பாக்கிக் குண்டும் கையெறி குண்டும் மழையாகக் கொட்டின. ஒரு பீரங்கியில் எஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவர் காயம்பட்ட லெப்டினென்ட் தாமஸ் யங். இன்னொருவர் வில்லியம் ஹால்; கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்த மாலுமி. ஒரு குழு முழுக்கச் செய்ய வேண்டிய வேலையை, குழாயைத் துடைத்து, மருந்தும் குண்டும் திணித்து, பின்னுக்கு உதைத்த பீரங்கியை மறுபடி முன்னே தள்ளி, இந்த இருவரும் செய்துகொண்டே இருந்தார்கள்.

மதிலின் ஒரு மூலையை ஒட்டி ஒரு மரம் நின்றது. அதில் ஏறினால் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்லலாம், உள்ளே இருப்பவர்களைச் சுடலாம். யார் ஏறுவது என்று பீல் கேட்டார். லெப்டினென்ட் நோவல் சால்மனும் மாலுமி ஜான் ஹாரிசனும் ஏறினார்கள். சால்மன் தொடையில் சுடப்பட்டார்.

இத்தனைக்கும் அந்த மதில் பீரங்கிக்கு இடியவில்லை. பொழுது சாய்ந்தது, பீல் ராக்கெட்டுகளை உள்ளே எறியவிட்டுப் பின்வாங்கத் தயாரானார். அந்த நேரத்தில் ஸ்காட்லாந்து ஹைலாண்டர் படையின் சார்ஜென்ட் ஜான் பேட்டன், கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு திறப்பைக் கண்டுபிடித்தார். உள்ளே போனால், காத்து நின்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். சால்மன், ஹாரிசன், யங், ஹால் நால்வருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது, பேட்டனுக்கும் கிடைத்தது. எந்தப் போரிலும் ஒரே நாளில் நடந்தவற்றுக்காக மிக அதிகமான விக்டோரியா கிராஸ்கள் தரப்பட்டது அந்த நவம்பர் 16-க்குத்தான்.

அதே நாள் காலையில், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிக்கந்தர் பாக்கிலும் ஒரு மரத்தில் ஒருவர் ஏறியிருந்தார். ஹைலாண்டர் படையில் இருந்த வில்லியம் ஃபோர்ப்ஸ் மிட்செல் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு அதைச் சொல்கிறது. தோட்டத்துக்குள் பெரிய அரசமரம்; அதன் அடியில் தண்ணீர்ப் பானைகள். தாகத்துக்குப் போன வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்து கிடந்தார்கள். காயங்களைப் பார்த்தால் மேலிருந்து சுட்டது போலிருந்தது. இலைகளுக்குள் குறிவைத்துச் சுட்டபோது விழுந்தது ஒரு பெண்ணின் உடல். அவர் கையில் இரண்டு கனமான பழைய குதிரைப்படைக் கைத்துப்பாக்கிகள். சுட்டவர், பெண் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்று அழுதாராம். மிட்செல் அந்தப் பெண்ணின் பெயரை அறியவில்லை. லக்னோ வட்டாரத்துப் பாசி சமூகத்தாரின் நினைவில் அவர் உதா தேவி.

ஒரே நாள், இரண்டு மரங்கள். ஒன்றில் ஏறியவர்களுக்கு மகாராணியின் சிலுவை. மற்றதில் ஏறியவருக்கு நூறாண்டுக்கு மேல் பெயர்கூட அச்சில் சரியாக ஏறவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவருக்கு பிரிட்டன் எப்படி விருது தரும் என்று கேட்கலாம். சரி, தன் பக்கத்தில் நின்ற இந்தியர்களுக்கு? சிக்கந்தர் பாக் கதவை உள்ளிருந்து சாத்தப்போன நொடியில், பஞ்சாப் காலாட்படையின் முகர்ரப் கான் கேடயத்தோடு கையை இடுக்கில் கொடுத்துக் கதவை நிறுத்தினார். இதை எழுதிவைத்தவர் அன்று களத்தில் இருந்து, பின்னாளில் இந்தியாவின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ். முகர்ரப் கானுக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்க வழியே இல்லை. பதவி பார்க்காத, ஹாலின் நிறத்தையும் பார்க்காத அந்தச் சிலுவை, இந்தியச் சிப்பாய்களுக்கு 1911 வரை திறக்கப்படவில்லை.

பீலிடம் திரும்புவோம். டிசம்பர் 6-இல் கான்பூரில் கிளர்ச்சித் தலைவர் தாந்தியா தோபேயின் படையோடு நடந்த போரில், அவருடைய மாலுமிகள் 24 பவுண்டு பீரங்கியைக் கையால் இழுத்துக்கொண்டு முன்வரிசைக் காலாட்களோடு ஓடினார்கள். 1858 ஜனவரியில் அவருக்கு பாத் விருதின் நைட் பட்டம் அறிவிக்கப்பட்டது. பெயருக்கு முன்னால் ‘சர்’ சேர்ந்தது. மார்ச் 9-இல் லக்னோவின் இறுதி முற்றுகையின்போது, லா மார்ட்டினியர் கட்டடத்துக்கு அருகே ஒரு துப்பாக்கிக் குண்டு அவர் தொடையைத் துளைத்தது.

அவரைக் கான்பூருக்குக் கொண்டுபோக மாலுமிகள் செய்த ஏற்பாட்டை, கூடவே இருந்த இளம் அதிகாரி எட்மண்ட் வெர்னி எழுதிவைத்திருக்கிறார். ஆவத் அரசரின் சாரட்டு ஒன்றைப் பிடித்து, ஷானனின் தச்சர்கள் அதன் உட்புறம் நீலத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்தார்கள். அரச முத்திரைக்கு மேல் கப்பலின் பெயரை எழுதினார்கள். பீல் பார்த்தார்; வேண்டாம் என்றார். என் மாலுமிகளில் ஒருவனைப்போல டோலியிலேயே போகிறேன் என்றார். கிடைத்த டோலியில் அதற்கு முன் பெரியம்மை நோயாளி ஒருவரைத் தூக்கியிருந்தார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்த உடம்பில் அம்மை இறங்கியது. ஏப்ரல் 27-ஆம் தேதி கான்பூரில் உயிர் போனது. அட்மிரல் பட்டியலுக்கு அவ்வளவு சீக்கிரம் வழி திறந்துவைத்திருந்த அந்த இளவயது கேப்டன் பதவியால் கடைசியில் ஒரு பயனும் இல்லை.

அவரைச் சுற்றி இருந்தவர்களின் வாழ்க்கை ஒன்றோடொன்று ஒட்டாத திசைகளில் போனது. பீலோடு ஷானனில் இந்தியாவுக்கும் வந்த டேனியல், சில ஆண்டுகளில் ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, விசாரணைக்கு முன்பே ஓடிப்போனார். 1861-இல் அவருடைய விக்டோரியா கிராஸ் பறிக்கப்பட்டது. அதை இழந்த முதல் ஆள் அவர். ஆஸ்திரேலியா போய், நியூசிலாந்தில் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து, 1868-இல் ஹொகிட்டிகாவில் முப்பத்தொரு வயதில் இறந்தார். உட் கடற்படையை விட்டு ராணுவத்துக்கு மாறி, இந்தியாவிலேயே விக்டோரியா கிராஸ் பெற்று, 1903-இல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். மரமேறிய சால்மன் கடற்படையின் உச்சப் பதவியான அட்மிரல் ஆஃப் தி ஃப்ளீட் வரை போனார். ஹால் 1876-இல் ஓய்வு பெற்று நோவா ஸ்கோஷியாவில் சகோதரிகளோடு விவசாயம் பார்த்தார். 1904-இல் இறந்தபோது கல்லறையில் அடையாளக் கல்கூட வைக்கவில்லை. நாற்பது ஆண்டு கழிந்த பிறகுதான் ஹான்ட்ஸ்போர்ட் தேவாலய வளாகத்துக்கு மாற்றி நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். இன்று கனடா கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்று அவர் பெயரில் ஓடுகிறது.

பீலுக்கு வில்லியம் தீட் என்ற சிற்பி பளிங்கில் சிலை வடித்தார். கல்கத்தாவின் ஈடன் கார்டனில் நின்ற சிலை, சுதந்திரத்துக்குப் பிறகு மற்ற ஆங்கிலேயர் சிலைகளோடு பராக்பூருக்குக் கொண்டுபோகப்பட்டது. 1857 மார்ச்சில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கிய ஊர் அது. தமிழர்களுக்கு இதில் பழகிய சம்பவம் ஒன்று உண்டு. லக்னோவின் முதல் மீட்பு முயற்சியில் இறந்த சென்னை ஃபியூசிலியர் படையின் கர்னல் நீல், கான்பூரில் தரையில் சிந்திக்கிடந்த ரத்தத்தைக் கைதிகளை நக்கவைத்துத் தூக்கிலிட்டவர். அவருக்கு சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரி 1927-இல் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்ததும் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குள் போனது.

சிக்கந்தர் பாக் வாசலுக்கு வெளியே இப்போது உதா தேவிக்கு ஒரு சிலை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 16 அன்று பாசி சமூகத்தார் கூட்டமாக வந்து மாலை போடுகிறார்கள்.